கழுதைக்குக் கொம்பு கட்டினோம்

போன மாதம் என் கைத்தொலைபேசிக்கு ஒரு வீடியோ வந்தது. அமெரிக்காவோ எங்கோ, பெரிய தொப்பி போட்ட ஒருவர் குதிரையில் இருந்தபடி ஒரு கழுதையைத் துரத்திக் கயிறு வீசுகிறார். கழுதையின் தலையில் பொய்க் கொம்பு கட்டியிருக்கிறது. அனுப்பியவன் சுதர்சன். நான் ஓய்வுபெற்ற பிறகு பிரதேச சபையில் என் வேலைக்கு வந்தவன். "ஐயா, நீங்களும் உப்பிடித்தான் திரிஞ்சனீங்களாம். உண்மையே?" என்று கேட்டிருந்தான். கீழே மற்றப் பெடியள் எல்லாரும் சிரிக்கிற முகங்களாகப் போட்டிருந்தார்கள்.

உண்மைதான். சிரித்து முடியட்டும் என்று பொறுத்துப் பார்த்தேன், முடிகிற மாதிரித் தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன். இப்போது அவர்களுக்குக் கழற்றிப் பூட்டும் இரும்புக் கிராதிகளும், சாய்பலகை இறங்கும் லொறியும் வந்துவிட்டன. மாட்டை மடக்கி ஏற்றிக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்குச் சபைக் கந்தோருக்கு வந்துவிடுகிறார்கள். நல்ல விஷயம். இந்த யோசனை கொஞ்சம் முந்தி வந்திருந்தால் என் முள்ளந்தண்டு சந்தோஷப்பட்டிருக்கும்.

நான் சபையில் சேர்ந்தது வாய்க்கால் துப்புரவாக்க. அங்கிருந்து குப்பை உழவு இயந்திரம், அங்கிருந்து கட்டாக்காலி மாடு பிடிக்கும் பகுதி. இதில் எது பதவி உயர்வு, எது தண்டனை என்று இன்றுவரை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. இளம் வயதில் பந்தயத்தில் மாட்டுச் சவாரி வண்டி விட்டவன், மாட்டுக்குப் பயமில்லாதவன் என்பதே என் தகுதி. என்னோடு தேவன் இருந்தான். அவனுக்கும் அதே தகுதி, கொஞ்சம் கூடுதலான வாய். வீதியிலும் தோட்டத்திலும் அவிழ்ந்து திரியும் மாடுகளைப் பிடித்துச் சபையின் பட்டியில் அடைப்பது எங்கள் வேலை. குறுகிய ஒழுங்கைக்குள் மாடு பிடிப்பதைச் சீக்கிரமே பழகிவிட்டோம். ஒழுங்கையில் இரண்டு பக்கமும் வேலி இருக்கிறது. பாதி வேலையை வேலி பார்த்துக்கொள்ளும்.

வேலி இல்லாத இடம் கல்லுண்டாய் வெளி. மானிப்பாயில் இருந்து நவாலி தாண்டிப் பட்டினத்துக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், கடலேரி வரைக்கும் மரமில்லாத உவர்த் தரை. மாரி பெய்தால் மோட்டார் சைக்கிள் புதையும், லொறி அதைவிட நன்றாகப் புதையும். கால்நடையாகத் துரத்தினால் மாடு கொஞ்சத் தூரம் ஓடிவிட்டு, நின்று திரும்பி எங்களைப் பார்க்கும். அந்தப் பார்வையை என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

எங்கள் மேற்பார்வையாளர் இராசதுரை ஐயா. மெலிந்த மனிதர். வெயிலானாலும் மழையானாலும் குடை. எவரையும் ஏசியதை நான் கேட்டதில்லை, பாராட்டியதையும் கேட்டதில்லை. எங்களைப் பழக்கும்போது ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு, எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துவிடுவார். கயிறு காற்றை வெட்டும் சத்தத்தை வைத்தே சரி பிழை சொல்வார். சொல்வதும் ஒரே சொல்தான்: "இன்னொருக்கா." மனிதர் மிருகம் எல்லாவற்றுக்கும் மரியாதைப் பன்மை கொடுப்பார். பிடிபட்ட நாம்பன் காளையைக்கூட "அவரை நிழலிலை கட்டுங்கோ" என்பார். தேவன் மறைவில் நின்று அதைப் பழித்துக் காட்டுவான். எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும் பாடு.

குதிரை எங்களுக்கு வந்தது ஒரு கலியாணத்தால். கனடாவில் இருந்து வந்த ஒருவர், மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடலாம் என்று ஒரு வெள்ளைக் குதிரையை வாங்கினார். இரண்டொரு மாப்பிள்ளைகள் ஏறினார்கள், ஒருவர் விழுந்தார், அதோடு தொழில் படுத்துவிட்டது. அவர் விமானம் ஏறிப் போனார். குதிரை மானிப்பாய்ச் சந்தியில் நின்று ஒரு கடையின் வாழைக்குலையைத் தின்றது. நாங்கள் பிடித்து அடைத்தோம். தேடி ஒருவரும் வரவில்லை, ஏலத்தில் கேட்கவும் ஆளில்லை. தேவன் அதற்குக் கனடா என்று பெயர் வைத்தான். இராசதுரை ஐயா குதிரையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "இவர் வெளிக்குள்ளை புதைய மாட்டார்" என்றார். அப்படித்தான் நான் குதிரைக்காரன் ஆனேன்.

சேணம் கலியாணச் சேணம், கண்ணாடிச் சில்லுகள் மினுங்கும். அதன் முன்புறத்தில் தச்சரைக் கொண்டு பூவரசங்கட்டையில் ஒரு முளை பூட்டினோம், கயிற்றைச் சுற்றுவதற்கு. தென்னந்தும்புக் கயிறு காற்றோடு போனது. மெல்லிய நைலோன் கையைச் சுட்டது. கடைசியில் காங்கேசன்துறையில் ஒரு மீனவரிடம் தோணி கட்டும் பாரமான கயிறு வாங்கினோம். அது நினைத்த இடத்தில் விழுந்தது.

எதன் மேல் விழுத்திப் பழகுவது? மாட்டில் பழகினால் மாடு கெட்டுவிடும், இரண்டாம் நாள் கயிற்றைத் தூரத்தில் கண்டாலே குத்த வரும். மரக்குற்றி ஓடாது. அப்போதுதான் நியாஸ் நானா வந்தார். தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு சேர்த்துப் பட்டினத்தை விட்டு அனுப்பப்பட்டுப் புத்தளத்தில் பாதி ஆயுளைக் கழித்து, தன் பழைய வளவுக்குத் திரும்பியவர். வரும்போது புத்தளத்தில் இருந்து ஒரு பெண் கழுதையையும் லொறியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். பெயர் சீனி. வாகனம் நுழையாத ஒழுங்கைக்குள் கல்லும் மண்ணும் இழுத்து அந்த வீட்டைக் கட்டியதில் பாதி சீனிதான்.

"வீடு முடிஞ்சிது. இவளுக்கு இப்ப வேல இல்ல. சும்மா நின்டா கொழுத்துப் போவாள், கொண்டு போங்க" என்றார் நானா. பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, "கழுத்துல கயிறு போட வாணாம் தம்பி. கால்லயும் வாணாம். இளைக்க இளைக்க ஓட்ட வாணாம். போட்டா கொம்புல போடுங்க" என்றார்.

"நானா, கழுதைக்கு ஏது கொம்பு?"

"அத நீங்கதானே கட்டணும்."

கட்டினோம். சாக்குத் துணியை மடித்துத் தைத்த தலைப்பட்டியில் தண்ணீர்க் குழாயின் வளைவுத் துண்டுகள் இரண்டு. காதுக்கும் கழுத்துக்கும் மேல் பழைய மோட்டார் சைக்கிள் ரியூப் சுற்றிக் காப்பு. குழாயடிக்குத் தண்ணீருக்கு வந்த பெண்கள் குடத்தை வைத்துவிட்டுச் சிரித்தார்கள். சீனி அவர்களைத் திரும்பியும் பார்க்கவில்லை.

கழுதையின் அருமை எனக்கு அங்கேதான் தெரிந்தது. மாட்டைப்போல் வெருண்டு திசை மாறாது. ஒரே சீராக ஓடும். பின்னால் குதிரை வந்தாலும் பதறாது. குதிரைக்கும் அது நல்லது, துரத்திப் போய்ப் பக்கத்தில் ஒரே வேகத்தில் ஓடப் பழகும். சுருக்கைத் தலைக்கு மேல் சுழற்றும்போது மணிக்கட்டு சுழல வேண்டும், தோள் சுழலக் கூடாது. விடும்போது உள்ளங்கை நிலத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு கொம்பையும் சேர்த்து வளைத்து விழ வேண்டும். ஒற்றைக் கொம்பில் விழுந்தால் மாடு தலையை உதறிக் கழற்றிவிடும். கழுத்தில் விழுந்தால் மூச்சு இறுகும். விழுந்ததும் மிச்சக் கயிற்றை முளையில் சுற்ற வேண்டும், பெருவிரல் மேலே பார்த்தபடி. கீழே இருந்தால் கயிற்றுக்கும் முளைக்கும் நடுவில் விரல் போகும், போனால் திரும்பி வராது.

"இன்னொருக்கா," என்பார் இராசதுரை ஐயா, முதுகைக் காட்டிக்கொண்டு.

சீனியும் ஒரு வழக்கத்தைத் தானாக ஏற்படுத்திக்கொண்டாள். கயிறு கொம்பில் விழுந்தவுடன் சட்டென்று நிற்பாள். தேவன் ஓடிப்போய்க் கயிற்றைக் கழற்றி ஒரு கொத்து முருங்கையிலை கொடுப்பான். தின்றுவிட்டு மறுபடி ஓடுவாள். கனடாவும் அவளோடு நின்று மூச்சு விடுவான். அழகாக இருந்தது. நான் பத்துக்கு எட்டு விழுத்தத் தொடங்கியபோது என்னைப்போல ஆள் வடமாகாணத்தில் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நாட்களில்தான் தவமணி அக்கா கந்தோருக்கு வந்தா. நவாலிப் பக்கம், கணவர் இல்லை, ஒரே மகன் கட்டாரில் லொறி ஓட்டுகிறான். அவன் கட்டாருக்குப் போவதற்குக் கொஞ்சம் முந்தி டெங்குக் காய்ச்சலில் பிழைக்க மாட்டான் என்று கைவிடப்பட்டவன். பிழைத்தால் ஒரு நாம்பன் கன்று தருகிறேன் என்று அக்கா வைரவருக்கு நேர்ந்தா. பிழைத்தான். பூசை வைத்து, மஞ்சள் துணி சுற்றிய நைலோன் கயிற்றைக் கன்றின் கழுத்தில் கட்டி, கல்லுண்டாய் வெளியில் விட்டார்கள். கறுவல் என்று பெயர்.

அந்தக் கயிறுதான் கறுவலை இத்தனை காலமும் காப்பாற்றியது. களவாக மாடு வெட்டுகிறவர்கள்கூட மஞ்சளைக் கண்டால் நேர்ந்த மாடு என்று விலகிப் போனார்கள். சாமிக் கயிறு என்று அவிழ்க்கவும் ஒருவரும் துணியவில்லை. கன்று நாம்பனாக வளர்ந்தது, கயிறு வளரவில்லை. துணி உக்கி விழுந்துவிட்டது, நைலோன் சதைக்குள் போய்விட்டது.

"தண்ணி இறங்குதில்லை," என்றா அக்கா. "எங்கடை தொட்டியிலை வாய் வைக்குது. குடிச்சதிலை பாதி மூக்காலை வழியுது. நான் கிட்டப் போனால் ஓடுது."

"முந்தியே அவிழ்த்திருக்கலாமே அக்கா?" என்று தேவன் கேட்டுவிட்டான்.

"சாமிக்கு முன்னாலை கட்டினதை நான் எப்பிடித் தம்பி அவிழ்க்கிறது? அவன்ரை உயிருக்குக் குடுத்த மாடு. கழுத்து நெரிஞ்சு அது செத்துதெண்டால்..." கைத்தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றா. மகனுக்குச் சொல்லவில்லையாம். பாலைவனத்தில் நெடுந்தூரம் லொறி ஓட்டுகிறவனுக்கு இதைச் சொல்லலாமா?

தேவன் எழும்பி ஒரு கதிரையை இழுத்துப் போட்டான். நான் அந்த நம்பிக்கை சரியா பிழையா என்று யோசிக்கவில்லை. ஒரு தாய் மகனின் உயிரை அந்த மாட்டில் கட்டி வைத்திருந்தா, மாடு மூச்சுக்குத் திணறியது. எங்களுக்கு அது போதும்.

கால்நடை வைத்தியர் இளம் பெண். தூரக்கண்ணாடியால் பார்த்துவிட்டு, "மயக்க ஊசி ஏலாது அண்ணை. ஏற்கெனவே தொண்டை ஒடுங்கிப் போச்சு. மயங்கித் தலை மடிஞ்சு விழுந்தால் நாங்கள் போய்ச் சேர முதல் மூச்சு நிண்டிடும். நிக்கிற நிலையிலை பிடிச்சுத் தாங்கோ, நான் வெட்டி எடுக்கிறன். கழுத்திலை மட்டும் கயிறு விழக் கூடாது" என்றார். தொட்டியடியில் மறைந்திருந்து பிடிக்கப் பார்த்தோம். கறுவல் வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடியது. அதன் பிறகு தொட்டிப் பக்கமே வரவில்லை. வெளியில் தேங்கிய மழைத் தண்ணீரை நக்கிக்கொண்டு திரிந்தது.

குதிரையில் முதல் முயற்சி ஒரு காலை நேரம். கனடா நன்றாக ஓடினான். கறுவல் மெலிந்து விலா எலும்பு தெரிய இருந்தாலும் ஓட்டம் குறையவில்லை. நான் இடப்புறமாக நெருங்கிச் சுழற்றி விட்டேன். இரண்டு கொம்பிலும் விழுந்தது, பழக்கத்தில் விழுந்ததைவிட அழகாக. முளையில் சுற்றினேன், பெருவிரல் மேலே. கயிறு விழுந்ததைக் கண்ட கனடா சட்டென்று நின்றான். நின்று, தலையைத் தொங்கப் போட்டு, மூச்சு விட்டான். முருங்கையிலைக்குப் பார்த்தானோ தெரியாது.

கறுவல் நிற்கவில்லை.

கயிறு இறுகியபோது குதிரை தயாராக இல்லை. சேணத்தின் வார் அறுந்தது. சேணமும் கண்ணாடிச் சில்லுகளும் நானுமாகச் சேற்றில் விழுந்தோம். கறுவல் கொம்பில் எங்கள் கயிற்றை இழுத்துக்கொண்டு கடலேரிப் பக்கம் போனது. நான் எழும்பியபோது தூரத்து வீதியில் அக்கா தலையில் கை வைத்தபடி இருந்தா. முதுகு நோவைவிட அதுதான் எனக்கு நொந்தது. நல்ல காலம், இழுபட்ட கயிறு அன்று பின்னேரமே ஒரு பற்றையில் சிக்கிக் கழன்றுவிட்டது. வைத்தியர் வந்து பார்த்துவிட்டு, "கன நாள் தாங்காது" என்றார்.

அடுத்த நாள் அறுந்த வாரைக் கயிற்றால் கட்டிக்கொண்டு பழக்கத்துக்குப் போனபோது இராசதுரை ஐயா கதிரையைத் திருப்பிப் போட்டு, எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்தார். அதுவரை நடக்காத காரியம். ஒருமுறை விழுத்தச் சொன்னார். விழுத்தினேன்.

"கயிறு விழுந்தவுடனை சீனி என்ன செய்யிறா?" என்று கேட்டார்.

"நிக்கிறா ஐயா."

"பிறகு?"

"முருங்கையிலை தின்னுறா."

"அந்த நேரம் கனடா என்ன செய்யிறார்?"

அப்போதுதான் விளங்கியது. வேலை தொடங்கும் இடத்தை வேலை முடிகிற இடம் என்று குதிரைக்குப் பழக்கி வைத்திருந்தோம். சீனியின் நல்ல குணத்தில் நாங்கள் எல்லாரும் சோம்பேறிகளாகிப் போனோம், ஐயாவும் சேர்த்துத்தான். "நானும் உங்காலை திரும்பியிருந்து பிழையை விட்டிட்டன்" என்றார், குடையை மடித்தபடி. "அவவை இழுக்கப் பண்ண வேணும். அடியாமல்."

சீனியை எப்படி இழுக்கப் பண்ணுவது? அவள் ஓடிப் போகிற ஒரே ஆள் நியாஸ் நானா. பின்னேரத்தில் அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் எதை விட்டும் போவாள், ஏனென்றால் அவர் பையில் பேக்கரிப் பாண் துண்டு இருக்கும். அதையே பிடித்துக்கொண்டோம். கல் வண்டி இழுத்த காலத்துத் தோல் பட்டியை அவள் நெஞ்சில் பூட்டினோம், பாரம் தலையில் விழாமல். கயிற்றை அந்தப் பட்டியில் கட்டி மறுமுனையை என் முளையில் சுற்றினேன். நானா வெளியின் மறுகரையில் நின்று மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

சீனி போனாள். வீடு கட்டிய கழுதை அல்லவா! கனடா முன்னுக்கு இழுபட்டு, திகைத்து, பிறகு பின்னங்காலைச் சேற்றில் ஊன்றினான். கயிறு கம்பி மாதிரி நின்றது. அவன் ஒரு அடி பின்னுக்கு வைத்ததும் நானா சத்தத்தை நிறுத்தினார், நான் கயிற்றைத் தளர்த்தினேன். சீனி போய்ப் பாணை வாங்கினாள்.

"அவளுக்கும் பாண், இவருக்கும் ஏதாச்சும் குடுங்க தம்பி" என்று கத்தினார் நானா. கனடாவுக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தோம். அவனைப் பிடித்த நாளில் இருந்தே அவனுக்கு எது பிடிக்கும் என்று தெரியும்தானே.

காலையிலும் மாலையிலும் அதையே செய்தோம். சில நாட்களில் கயிறு இறுகும் சத்தம் கேட்டாலே கனடா தானாக எதிரே திரும்பி, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து நிற்கத் தொடங்கினான். இராசதுரை ஐயா "இன்னொருக்கா" சொல்லாமல் விட்ட அன்று, எல்லாரும் கறுவலிடம் போனோம். சேணத்துக்குப் புது வார், அதற்கு மேல் பழைய லொறியின் இருக்கைப் பட்டி வேறு.

கறுவல் அன்று கன தூரம் ஓடவில்லை. ஓட மூச்சு இருக்கவில்லை. வாயைத் திறந்தபடி, ஒவ்வொரு மூச்சுக்கும் விசில் மாதிரி ஒரு சத்தத்தோடு ஓடியது. முதல் வீச்சு பிழைத்து முதுகில் விழுந்தது. சுருட்டி எடுத்து மறுபடி சுழற்றினேன். இரண்டு கொம்பிலும் விழுந்தது. சுற்றினேன். கனடா திரும்பி, பின்னங்காலை ஊன்றினான். கறுவல் தன் முழுப் பலத்தையும் போட்டு இழுத்தது. கனடா அசையவில்லை. தேவன் ஓடிவந்து பின்னங்கால்களுக்கு இன்னொரு கயிற்றைப் போட்டு இறுக்கிப் பிடித்தான். கறுவல் இரண்டு கயிற்றுக்கும் நடுவில் தலை நேராக, கழுத்தில் எதுவும் படாமல், கால் நடுங்க நின்றது.

வைத்தியர் சேற்றுக்குள் முழங்காலளவு இறங்கி வந்தார். கொக்கி மாதிரி வளைந்த கத்தி. புண்ணின் நாற்றம் குதிரை மேல் இருந்த எனக்கே அடித்தது, புழு நெளிந்தது. அவர் முகம் சுளிக்கவில்லை. சதையை விலக்கி, கத்தி நுனியைக் கயிற்றுக்குக் கீழ் விட்டு, வெளிப்பக்கமாக இழுத்தார். ஒரு தரம் வெட்டுப்படவில்லை. மறுதரம் கயிறு அறுந்து மெல்லப் பிரிந்து வந்தது. விசில் சத்தம் நின்றது. கறுவல் நீளமாக ஒரு மூச்சு இழுத்தது. சேணத்தில் இருந்த என் நெஞ்சிலும் அந்த மூச்சு இறங்கின மாதிரி இருந்தது. கண்ணைத் துடைக்கக் கை ஒழியவில்லை, கயிறு பிடித்திருந்தேன்.

மருந்து போட்டு, ஊசி ஏற்றி முடிய, முதலில் கால் கயிறு, பிறகு கொம்புக் கயிறு என்று கழற்றினோம். கறுவல் எங்களைக் குத்தவும் இல்லை, ஓடவும் இல்லை. பள்ளத்தில் தேங்கிய மழைத் தண்ணீருக்கு நடந்து போய் வாயை வைத்தது. மூக்கால் வழிகிறதா என்று எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம். வழியவில்லை. தொண்டை ஏறி இறங்குவது தூரத்திலேயே தெரிந்தது. குடித்துக்கொண்டே இருந்தது.

தவமணி அக்கா வீதியில் இருந்து இறங்கி, செருப்பைக் கையில் பிடித்தபடி சேற்றுக்குள்ளால் வந்தா. கறுவல் குடிப்பதைப் பார்த்தபடியே கைத்தொலைபேசியை எடுத்து மகனுக்கு அழைத்தா. அவன் வேலையில் நின்றிருக்க வேண்டும், பின்னால் லொறிச் சத்தம் கேட்டது.

"என்னம்மா, இந்த நேரத்திலை?"

"ஒண்டுமில்லை மோனை," என்றா அக்கா. "தண்ணி குடிச்சனியே?"